இரண்டு காவல்காரர்கள்

நவி மும்பையில் உள்ள ஊர் நெருள். அங்கே ஒரு செக்டாரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முதலில் தாராவியில் இருந்தார்கள். பிறகு நெருளுக்குக் குடி வந்தார்கள்.

அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

மாவு 42 வீடுகளுக்குப் போகிறது. எல்லாம் மாதக் கணக்கு. எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ போனது என்று அம்மா தினமும் நோட்டில் எழுதுவார். மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மாதம் பிறந்ததும் 1-ஆம் தேதி காலையில் 42 வீடுகளுக்கும் பில் போகும்.

பில் தாமதமானால் பணமும் தாமதமாகும். பணம் வராவிட்டால் அரிசிக் கடையில் பாக்கி நிற்கும். உளுந்துக் கடையிலும் பாக்கி நிற்கும்.

அம்மா எழுதப் படிக்கக் கற்றது வளர்ந்த பிறகுதான். அன்று முதல் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைப்பார். கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மிக்ஸி ரிப்பேர் ஆன தேதி, ஆள் வந்து போன தேதி, கொடுத்த காசு, எல்லாம் நோட்டில் இருக்கும். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அம்மா கவலைப்பட மாட்டார்.

கம்ப்யூட்டர் நகரவில்லை

மாதம் 30-ஆம் தேதி. மாலை 7 மணி. மகள் பில் எடுக்க உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்குப் பக்கம் திறக்க 12 நிமிடம் ஆனது. திறந்த பிறகும் ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் வர நேரம் பிடித்தது.

"போன வாரம்தானே கடைக்காரர் வந்து பாதுகாப்பு எல்லாம் போட்டுட்டுப் போனார்? அதுக்கு அப்புறம்தாம்மா இப்படி" என்றாள் மகள்.

மகன் எழுந்து வந்தான். "அப்படின்னா அந்தப் பாதுகாப்பையே எடுத்துப் போட்ருவோம். அப்டேட்டையும் நிறுத்திருவோம். கம்ப்யூட்டர் பறக்கும் பாரு" என்றான்.

"கொஞ்சம் பொறுல" என்றார் அம்மா.

மகன் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரை வேகமாக்க வழி உண்டா என்று இணையத்தில் தேடினான். ஏதோ ஒன்றை அழுத்தினான். உடனே திரை முழுதும் சிவப்பானது. 'டூ டூ' என்று சத்தம் வந்தது. 'உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து உள்ளது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று ஆங்கிலத்தில் வந்திருந்தது. கீழே ஒரு போன் நம்பர்.

மகள் பயந்துவிட்டாள். போனைக் கையில் எடுத்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிட்டி" என்றார் அம்மா.

மகள் படித்துத் தமிழில் சொன்னாள். அம்மா யோசித்தார்.

"நாம யாருக்கும் சொல்லலை. நம்ம வீட்டு மெஷின் கெட்டுப் போச்சுன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? கூப்பிடாம வர்ற வைத்தியன் நல்லவனா இருக்க மாட்டான். போனைக் கீழ வை."

அம்மா சொன்னது சரி. அது மோசடிப் பக்கம். அந்த நம்பருக்குப் பேசினால், கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் போல ஒருவன் பேசுவான். ஒரு மென்பொருளை ஏற்றச் சொல்வான். அதை ஏற்றினால் நம் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய்விடும். பிறகு பணம் கேட்பான். வங்கி விவரமும் கேட்பான். விண்டோஸ் என்பது பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களை இயக்கும் அடிப்படை மென்பொருள். அதைத் தயாரிப்பது மைக்ரோசாஃப்ட் கம்பெனி. அந்தக் கம்பெனியின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. இதை நினைவில் வைக்க வேண்டும்.

மகன் அந்தப் பக்கத்தை மூடினான். முகம் வாடி உட்கார்ந்தான்.

அப்பா சொன்ன கதை

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்:

"பாதுகாப்பு வேண்டாம்னு சொல்றியே. 2017-ல நவ சேவா துறைமுகத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? நான் லாரியோட வரிசையில நின்னவன்."

நவ சேவா நெருளுக்குத் தெற்கே உரண் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருப்பதுதான் ஜவாஹர்லால் நேரு துறைமுகம். 2017 ஜூன் 27 அன்று உலகின் பல நாடுகளில் ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் பரவியது. அதற்கு நாட்பெட்யா என்று பெயர் வைத்தார்கள். மேர்ஸ்க் என்ற டென்மார்க் நாட்டுக் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நவ சேவாவில் அந்தக் கம்பெனி நடத்தும் முனையமும் முடங்கியது. எந்தக் கண்டெய்னர் எங்கே இருக்கிறது, எந்த லாரியில் ஏற்ற வேண்டும் என்று சொல்வது கம்ப்யூட்டர்தான். அது நின்றதும் வேலையைக் கையால் செய்ய வேண்டியதாயிற்று. சரக்குகள் தேங்கின.

அதற்கு முந்தைய மாதம், 2017 மே 12 அன்று, வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியது. அது 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் வேலை கெட்டது.

இந்த இரண்டு வைரஸ்களும் விண்டோஸில் இருந்த ஒரே ஓட்டையைப் பயன்படுத்தின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. வான்னாக்ரை வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே! பலர் அதைப் போடவில்லை. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டார்கள்.

"அப்டேட் போடாம விட்ட ஒரு மெஷின் போதும். அது வழியா ஆபீஸ் முழுக்க நுழைஞ்சிடும்" என்றார் அப்பா.

மகன் தலையாட்டினான். "சரிப்பா. காவல் வேணும். ஆனா காவல் போட்டதும் வீடே நகர மாட்டேங்குதே. பில் எப்படி எடுக்கிறது?"

நியாயமான கேள்வி. பாதுகாப்பும் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும். இரண்டுக்கும் வழி என்ன?

அண்ணாச்சி வந்தார்

எதிர் வீட்டில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். மும்பை லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஒரு கடையில் ரிப்பேர் வேலை செய்கிறார். இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து வந்தார். அம்மா போய் அழைத்தார்.

அண்ணாச்சி உடனே கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் கேட்டார்: "எப்ப இருந்து இப்படி இருக்கு தங்கச்சி? அதுக்கு முன்னால என்னென்ன மாத்துனீங்க?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சரியாக நினைவில்லை. அம்மா நோட்டை எடுத்து வந்தார். விரல் வைத்துப் படித்தார்.

'24-ஆம் தேதி. கம்ப்யூட்டர் கடை ஆள் வந்தார். வைரஸ் தடுப்பு போட்டார். ரூ. 500.'

'26-ஆம் தேதி. கம்ப்யூட்டரில் அப்டேட் வந்தது. ஒரு மணி நேரம் ஓடியது. அன்று மெதுவாக இருந்தது. மறுநாள் சரி.'

'28-ஆம் தேதி. தம்பி இலவச வைரஸ் தடுப்பு ஒன்று போட்டான். காசு இல்லை.'

'29-ஆம் தேதி. கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாக உள்ளது.'

அண்ணாச்சி சிரித்தார். "பாதி நோயை இந்த நோட்டே சொல்லிருச்சு. ஒரே வீட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் வச்சிருக்கீங்க."

வாட்ச்மேன் என்ன செய்கிறான்?

நெருளில் பல கட்டடங்களின் வாசலில் வாட்ச்மேன் இருப்பார். யார் வந்தாலும் நிறுத்துவார். பெயர் கேட்பார். ரெஜிஸ்டரில் எழுதச் சொல்வார். சந்தேகம் வந்தால் உள்ளே விட மாட்டார்.

வைரஸ் தடுப்பு மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அதற்கு முன் அந்தக் கோப்பைப் பார்க்கிறது. அதனிடம் கெட்ட நிரல்களின் பட்டியல் இருக்கிறது. அதோடு ஒப்பிடுகிறது. நடவடிக்கை சரியில்லை என்றாலும் நிறுத்துகிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். ஒரு வாட்ச்மேன் என்றால் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது.

இரண்டு வாட்ச்மேன்கள் இருந்தால்? முதல் ஆள் கோப்பைப் பார்க்கத் திறப்பான். 'யாரோ கோப்பைத் திறக்கிறார்களே' என்று இரண்டாம் ஆளும் அதையே திறந்து பார்ப்பான். சில நேரம் ஒருவன் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, அதையே வைரஸ் என்று இன்னொருவன் சந்தேகப்படுவான். வாசலில் கூட்டம் சேரும். வீட்டுக்காரர்களே உள்ளே போக முடியாது.

அப்டேட் வேறு வகை வேலை. அது சுவரில் உள்ள ஓட்டையைக் கொத்தனார் அடைப்பது போல. வேலை நடக்கும் நாளில் நடை பாதையில் மணலும் சிமெண்டும் கிடக்கும். நடக்கச் சிரமம்தான். வேலை முடிந்தால் சரியாகிவிடும். அதனால்தான் 26-ஆம் தேதி மெதுவாக இருந்து, மறுநாள் சரியானது. அப்டேட் போட்ட அன்று கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஓர் இரவு அதை ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாகச் செய்தார்கள்

"ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யணும்" என்றார் அண்ணாச்சி. "நாலு மருந்தை ஒண்ணாக் குடிச்சா எது குணமாக்கிச்சுன்னு தெரியாது. ஒவ்வொரு தடவையும் கணக்குப் பக்கம் திறக்க எத்தனை நிமிஷம்னு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுது தங்கச்சி."

அம்மா பேனாவை எடுத்தார்.

முதல் வேலை: நகல். மாவுக் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருந்ததால் நேரம் பிடித்தது. ஆனாலும் பொறுத்திருந்தார்கள். இனி எது நடந்தாலும் கணக்கு போகாது. நகல் எடுத்த பிறகே மற்ற வேலை.

இரண்டாம் வேலை: ரீஸ்டார்ட். இந்த வீட்டில் கம்ப்யூட்டரை எப்போதும் 'ஷட் டவுன்' செய்வார்கள். ரீஸ்டார்ட் செய்வதே இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தார்கள். ஒன்று அல்ல. இப்போதைய விண்டோஸ் பல கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் செய்யும்போது, மறுபடி வேகமாகத் திறப்பதற்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அப்டேட்டில் பாதியில் நின்ற வேலையும் அப்போதுதான் முடியும். ரீஸ்டார்ட் செய்தார்கள். அம்மா எழுதினார்: '11 நிமிடம்.' பெரிய மாற்றம் இல்லை.

மூன்றாம் வேலை: யார் அதிகம் தின்கிறார்? கீ போர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளை அண்ணாச்சி ஒன்றாக அழுத்தினார். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் வந்தது. கம்ப்யூட்டரில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று அது காட்டும். மேலே சதவீதம் இருக்கும். ஒன்று சி.பி.யூ., அதாவது கம்ப்யூட்டரின் மூளை. ஒன்று மெமரி, அதாவது வேலை செய்யும் மேசை. ஒன்று டிஸ்க், அதாவது பொருள் வைக்கும் பீரோ.

பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும்.

"இந்த ஒரு இடத்துல மட்டும் 100, 100-ன்னே நிக்குதே அண்ணாச்சி" என்றார்.

"அதுதான் டிஸ்க். பீரோ கதவைத் திறக்கிறதும் மூடுறதுமா யாரோ விடாம இருக்காங்க. யாருன்னு பார்ப்போம்."

டிஸ்க் என்ற சொல்லின் மேல் அழுத்தினார். அதிகம் தின்பவர்கள் பட்டியலின் மேலே வந்தார்கள். முதல் இரண்டு பெயர்களும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள். ஒன்று கடைக்காரர் போட்டது. ஒன்று மகன் போட்டது.

நான்காம் வேலை: ஒருவரை அனுப்புவது. "எதை எடுக்கலாம் மாமா?" என்று மகள் கேட்டாள்.

"காசு கொடுத்து வாங்கினது ஒரு வருஷத்துக்குச் செல்லும். தினமும் புதுப் பட்டியலும் வாங்கிக்கிட்டு இருக்கு. அது இருக்கட்டும். இலவசத்தை எடுப்போம். இலவசம் கெட்டதுன்னு அர்த்தம் இல்லை. ரெண்டு கூடாது, அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி.

'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஆப்ஸ்' என்ற இடத்துக்குப் போனார்கள். இலவச மென்பொருளின் பெயரைத் தேடினார்கள். 'அன்இன்ஸ்டால்' கொடுத்தார்கள். பிறகு ரீஸ்டார்ட். சில மென்பொருள்கள் எடுத்த பிறகும் மிச்சம் விட்டுப் போகும். அதைத் துடைக்கும் கருவியைத் தயாரித்த கம்பெனியே தரும். அந்தக் கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து மட்டும்தான் அதை எடுக்க வேண்டும்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார்: '4 நிமிடம்.' மகன் கை தட்டினான்.

விண்டோஸிலேயே சொந்தமாக ஒரு காவல் உண்டு. நாம் வேறு வைரஸ் தடுப்பைப் போட்டால், வழக்கமாக அது தானே ஒதுங்கிக்கொள்ளும். வாங்கிய தடுப்பின் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கப் பணம் இல்லை என்றால் அதை அப்படியே வைத்திருக்கக் கூடாது. எடுத்துவிட வேண்டும். அப்போது விண்டோஸின் சொந்தக் காவல் மறுபடி வேலைக்கு வரும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பக்கத்தில் யார் காவலில் இருக்கிறார் என்று பார்க்கலாம். எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும்.

ஐந்தாம் வேலை: சோதனை நேரம். வைரஸ் தடுப்பு அவ்வப்போது கம்ப்யூட்டர் முழுவதையும் சோதிக்கும். அது இந்த வீட்டில் மாலை 7 மணிக்கு என்று இருந்தது. மகள் கணக்குப் போடும் நேரமும் அதுதான்! கடையில் கூட்டம் உள்ள நேரத்தில் வீடு கூட்டுவது போல ஆகிவிட்டது. அதை மதியம் 2 மணிக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதை அம்மா பார்த்துக்கொள்வார்.

ஆறாம் வேலை: தானே ஓடுபவை. கம்ப்யூட்டரைப் போட்டதும் சில மென்பொருள்கள் நம்மைக் கேட்காமல் ஓடத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட் அப்' என்ற பக்கத்தில் அவை இருக்கும். மகன் போட்ட விளையாட்டுகள் இரண்டு, பாட்டு மென்பொருள் ஒன்று அங்கே இருந்தன. அவை தானே ஓடுவதை நிறுத்தினார்கள். வைரஸ் தடுப்பைத் தொடவில்லை. பெயர் தெரியாத எதையும் தொடவில்லை.

ஏழாம் வேலை: இடம். பீரோ நிறைந்து வழிந்தால் துணி எடுப்பது கடினம். 'சி' டிரைவ் நிறைந்தாலும் அப்படித்தான். அப்டேட் போடவும் காலி இடம் வேண்டும். பழைய படங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். தேவையில்லாத தற்காலிகக் கோப்புகளை 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் அழித்தார்கள்.

அம்மா கடைசியாக எழுதினார்: 'இரண்டரை நிமிடம்.'

மணி பத்தரை. மகள் பில் எடுக்கத் தொடங்கினாள். 42 பில்லும் பதினொன்றேகாலுக்கு முடிந்தன. அதன் பிறகு கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரு முறை சோதிக்க விட்டு, எல்லோரும் தூங்கப் போனார்கள். ஏனென்றால் மெதுவாக ஓடுவதற்கு வைரஸும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையில் பார்த்தார்கள். வைரஸ் எதுவும் இல்லை.

"இதுக்கு மேலயும் வேகம் வேணுமா மாமா?" என்று மகன் கேட்டான்.

"வேணும்னா மெஷினுக்குள்ள மாத்தணும். இதுல இருக்கிறது பழைய ஹார்ட் டிஸ்க். அதுக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. போட்டா நல்ல வேகம் கிடைக்கும். மெமரி 4 ஜி.பி.தான் இருக்கு. 8 ஆக்கலாம். ஆனா அதெல்லாம் காசு வந்த பிறகு. இப்ப பில்லைக் கொண்டு போய்க் கொடு" என்றார் அண்ணாச்சி.

வைரஸும் தடுப்பும் வந்த கதை

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவிய ஆரம்பகால வைரஸ்களில் ஒன்று 1986-இல் வந்தது. அதன் பெயர் பிரெய்ன். பாகிஸ்தானில் லாகூரில் இரண்டு சகோதரர்கள் அதை எழுதினார்கள். அக்காலத்தில் ஃப்ளாப்பி என்ற சதுரத் தட்டு வழியாக அது ஊர் ஊராகப் போனது.

தடுப்பு மருந்து நம் நாட்டிலும் உருவானது. சென்னையில் 1991-இல் கே 7 என்ற கம்பெனி தொடங்கியது. புனே நகரில் கைலாஷ் கட்கர் என்பவர் கால்குலேட்டர் ரிப்பேர் செய்து வந்தார். கல்லூரிக்குப் போகாதவர். ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்களில் வைரஸ் இருந்தது. தம்பி சஞ்சய் கம்ப்யூட்டர் படித்தவர். தம்பி தடுப்பு மென்பொருளை எழுதினார். அண்ணன் விற்றார். அதுவே 'குயிக் ஹீல்' ஆனது.

காவலும் தவறும்

காவல் இருந்தால் போதும், இனிக் கவலையே இல்லை என்று நினைக்கலாமா? கூடாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. அதில் பிழை இருந்தது. உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் நின்ற இடத்தில் பேனா வேலை செய்தது!

அப்பா சொன்ன நாட்பெட்யாவும் உக்ரைன் நாட்டின் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் முதலில் நுழைந்தது. இப்படி நடப்பது அரிது. ஆனால் நடக்கும்.

அப்போது காப்பாற்றுவது எது? நகல்தான். மேர்ஸ்க் கம்பெனியில் யார் யார் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்ற பட்டியல் உலகம் முழுதும் அழிந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் தப்பியது. காரணம், வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அந்த ஒரு நகலை இங்கிலாந்துக்குக் கொண்டு போய், மற்றவற்றைச் சரி செய்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியைக் காப்பாற்றியது கரண்ட் இல்லாத ஒரு கம்ப்யூட்டர்!

நாம் கரண்ட் கட்டை நம்பி இருக்க வேண்டாம். மாதம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுக்கலாம். எடுத்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியாக வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் வைரஸ் அதிலும் புகும்.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவச அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், தங்களுடையது எந்த விண்டோஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1-ஆம் தேதி காலை. அம்மா மாவு வாளியோடு கிளம்பினார். மகன் பில் கட்டைத் தூக்கிக்கொண்டான். வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டான்: "அம்மா, நேத்து நடந்ததை நோட்டுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்ல."

"என்ன எழுதுன?"

"30-ஆம் தேதி. ரெண்டு காவல்காரர்ல ஒருத்தரை அனுப்பியாச்சு. காசு இல்லை."

நினைவில் கொள்வோம்

1. வைரஸ் தடுப்பு ஒன்று போதும். ஒன்று கட்டாயம் வேண்டும்.

2. அப்டேட் போட்ட அன்று கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கலாம். ஓர் இரவு பொறுத்துப் பார்ப்போம். ரீஸ்டார்ட் செய்வோம்.

3. முதலில் நகல். பிறகு ரிப்பேர்.

4. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். செய்ததைத் தேதி போட்டு எழுதுவோம்.

5. திரையில் வரும் போன் நம்பருக்குப் பேச மாட்டோம். முன்பின் தெரியாதவர் சொன்னார் என்று எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டோம். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

6. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுவோம். இது இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

சொல் அறிவோம்

வைரஸ்: கம்ப்யூட்டருக்குக் கேடு செய்ய எழுதப்பட்ட நிரல். தானே பரவும்.

அப்டேட்: மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைக்க, அதைத் தயாரித்தவர்கள் அனுப்பும் திருத்தம்.

கோப்பு: கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த கணக்கு, கடிதம், படம் போன்றவை.

நகல்: ஒன்றைப் போலவே எடுத்து வைத்த இன்னொன்று.

பதில் சொல்லுங்கள்

1. கம்ப்யூட்டர் மெதுவானதற்கு முக்கியக் காரணம் என்ன?

2. சிவப்புத் திரை வந்தபோது அம்மா ஏன் போனைக் கீழே வைக்கச் சொன்னார்?

3. அண்ணாச்சிக்கு அம்மாவின் நோட்டு எப்படி உதவியது?

4. மேர்ஸ்க் கம்பெனிக்குக் கானாவிலிருந்து என்ன கிடைத்தது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், செல்போன், மிக்ஸி, தையல் மெஷின் எதுவாகவும் இருக்கலாம். அது வாங்கிய தேதி, ரிப்பேர் ஆன தேதி, செய்த வேலை, கொடுத்த காசு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ரிப்பேருக்கு ஆள் வரும்போது அதைப் படித்துக் காட்டுங்கள்.